கூச்சம் தின்னும் நேரம்: ஆண்குறி முறிவு என்னும் அவசரநிலை

உடலுறவின் நடுவே விறைத்த ஆண்குறி நழுவி வெளியே வருகிறது. அதே வேகத்தில் துணையின் இடுப்பெலும்பில் மோதி மடங்குகிறது. 'டப்' என்று ஏதோ தெறித்த சத்தம். பல நேரங்களில் அது துணையின் காதிலும் விழும். சுரீரென்று வலிக்கிறது, சில நொடிகளில் விறைப்பு முழுதும் இறங்கிவிடுகிறது. சற்று நேரத்தில் உறுப்பு வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கருநீலம் பாய்ந்துவிடுகிறது.

மருத்துவர்கள் 'ஆண்குறி முறிவு' என்று குறிப்பிடும் காயம் இது. அபூர்வமானது, உயிரைப் பறிக்கும் காயமும் இல்லை. இருந்தாலும் யூராலஜி துறை இதை அவசரநிலையாகவே கருதுகிறது. காலம் தாழ்த்தினால் உறுப்பு நிரந்தரமாகக் கோணலாகலாம், விறைப்புத் திறன் குறையலாம், சிறுநீர்ப் பாதை சுருங்கலாம். உரிய நேரத்தில் தையல் போட்டால் பெரும்பாலோர் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இந்தக் காயத்தைக் கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நடந்ததை நோயாளி நான்கு வாக்கியங்களில் சொல்வதும், மருத்துவர் ஒருமுறை தொட்டுப் பார்ப்பதும் போதும். அந்த நான்கு வாக்கியங்கள்தான் வெளியே வர மறுக்கின்றன. இதைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளைத் தொடர்ந்து வாசித்தால் ஒன்று தெளிவாகும்: கிழிந்ததைத் தைப்பது அறுவை மருத்துவருக்கு எளிய வேலை. நோயாளி நேரத்தோடு வந்து சேர்வதும், வந்தவர் உள்ளதைச் சொல்வதுமே சிகிச்சையின் கடினமான பகுதி.

எலும்பில்லாத இடத்தில் முறிவு

நாய்க்கும் பூனைக்கும் பெரும்பாலான குரங்கினங்களுக்கும் ஆண்குறியில் சிறு எலும்பு உண்டு. மனிதருக்கு இல்லை. மனிதரின் விறைப்பு முழுக்க இரத்தத்தின் அழுத்தத்தால் நிற்பது. குறியின் நீளவாக்கில் இரண்டு குழல்கள் அருகருகே கிடக்கின்றன. அவற்றுக்குள் இரத்தத்தை வாங்கி நிரப்பிக்கொள்ளும் பஞ்சுத் திசு இருக்கிறது. இந்தக் குழல்களைச் சுற்றி 'டியூனிகா அல்புஜீனியா' என்ற வெண்ணிற நார் உறை இறுக மூடியிருக்கிறது. இரண்டுக்கும் அடியில், நடுவாக, சிறுநீர்க் குழாய் ஓடுகிறது.

தளர்ந்த நிலையில் அந்த உறையின் தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். விறைக்கும்போது நாலா பக்கமும் இழுபட்டு, 0.25 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை மெலிந்துவிடுகிறது. மெலிந்தாலும் அது லேசில் கிழியாது. பாதரச அளவில் 1,500 மில்லிமீட்டரைத் தாண்டும் அழுத்தம் ஏறினால்தான் கிழியும் என்று ஆய்வுகள் கணித்திருக்கின்றன. சாதாரண விறைப்பின்போது உள்ளே இருப்பது நம் கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தத்தை ஒட்டிய அளவுதான். விறைத்த தண்டு திடீரென மடங்கும்போது, போக வழியில்லாத இரத்தம் ஒரே இடத்தில் நெருக்கப்பட்டு, அந்த எல்லை ஒரு நொடியில் தாண்டப்படுகிறது. தளர்ந்திருக்கும்போது அடிபட்டால் பொதுவாகக் கன்றிப்போகுமே தவிர, இப்படிக் கிழிவதில்லை.

கிழிசல் பெரும்பாலும் குறியின் அடிப்பக்கத்தில், பக்கவாட்டை ஒட்டி ஏற்படுகிறது. அதற்குக் காரணம் உடலமைப்பில் இருக்கிறது. உறையின் நார்கள் இரண்டு அடுக்குகளாக அமைந்தவை. உள்ளடுக்கு வளையமாகவும் வெளியடுக்கு நீளவாக்கிலும் ஓடும். சிறுநீர்க் குழாய் படிந்திருக்கும் அடிப்பக்கத்தில் வெளியடுக்கு இல்லாததால் அங்கே உறை மெல்லியது. கிழிசல் பொதுவாகக் குறுக்குவாக்கில், ஓரிரு சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு குழலில் மட்டும் இருக்கும். இரண்டு குழல்களும் கிழிந்திருந்தால், நடுவே கிடக்கும் சிறுநீர்க் குழாயும் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த அமைப்பு புரிந்தால் அறிகுறிகள் தாமாகவே புரிந்துவிடும். சத்தம், உறை கிழிந்ததால் வருவது. விறைப்பு உடனே இறங்குவது, அடைபட்டிருந்த இரத்தம் வெளியேறுவதால். வெளியேறிய இரத்தம் அடுத்த உறையான 'பக்' சவ்வுக்குள் தேங்கும்வரை வீக்கம் தண்டோடு நிற்கும். வீங்கிக் கருநீலமான அந்தத் தோற்றத்தை மருத்துவப் பாடநூல்கள் கத்தரிக்காய்க்கு ஒப்பிடுகின்றன. தேங்கிய இரத்தக் கட்டி தள்ளுவதால் குறி காயத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. அந்தச் சவ்வும் கிழிந்திருந்தால் இரத்தம் விதைப்பைக்கும் தொடை இடுக்குக்கும் அடிவயிற்றுக்கும் பரவும்.

யாருக்கு, எப்படி நேர்கிறது

ஜெர்மனியின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, 2005 முதல் 2021 வரை அந்த நாட்டில் 3,421 பேர் இந்தக் காயத்தோடு அனுமதிக்கப்பட்டதாகக் காட்டியது. எட்டுக் கோடிக்கு மேல் மக்கள்தொகை உள்ள நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 பேர். கிறிஸ்துமஸ் நாள்களிலும் வார இறுதிகளிலும் எண்ணிக்கை கூடியதையும் அதே ஆய்வு கண்டது. இவை மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு மட்டுமே. வராதவர்களை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை.

2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 58 ஆய்வுகளிலிருந்து 3,213 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. அவர்களில் 46 சதவீதத்தினருக்கு உடலுறவின்போதும், 21 சதவீதத்தினருக்கு விறைத்த உறுப்பை வலிந்து வளைத்தபோதும், 18 சதவீதத்தினருக்குச் சுய இன்பத்தின்போதும் காயம் ஏற்பட்டிருந்தது. தூக்கத்தில் புரண்டு படுத்தபோது நேர்ந்தவர்கள் ஏறத்தாழ 8 சதவீதம். உடலுறவே நிகழாமலும் இது வரலாம் என்பதை இந்தக் கடைசி எண்ணிக்கை சொல்கிறது.

பிரேசிலின் காம்பினாஸ் நகரில் 13 ஆண்டுக் காலத்தில் உறுதிப்பட்ட 42 நோயாளிகளை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆண்–பெண் உறவின்போது காயம்பட்ட 28 பேரில் பாதிப்பேருக்குப் பெண் மேலிருந்த நிலையில் அது நேர்ந்திருந்தது. துணையின் முழு எடையும் குறியின்மீது இறங்குவதும், தவறான கோணத்தை உணர்ந்து உடனே நிறுத்தும் வாய்ப்பு ஆணிடம் இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். உலகின் செய்தித்தாள்கள் இதை 'மிக ஆபத்தான நிலை' என்று தலைப்பிட்டுப் பரப்பின. ஆனால் எந்த நிலையில் எத்தனை முறை உறவு நடக்கிறது என்ற அடிப்படைக் கணக்கு இல்லாமல், இவ்வளவு சிறிய எண்ணிக்கையைக் கொண்டு எந்த நிலை எவ்வளவு ஆபத்தானது என்று தீர்ப்பு எழுத முடியாது. மருத்துவருக்குப் பயன்படும் தகவல் வேறு: எதிர்பாராத கோணத்தில், கட்டுப்படுத்த முடியாத வேகத்தில் மடங்குவதே காயத்தின் பொதுக் காரணம்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்திலிருந்து 2011இல் வந்த ஒரு சிறு ஆய்வு இந்தக் கட்டுரையின் மையத்துக்கு நெருக்கமானது. 16 நோயாளிகளை மட்டுமே கொண்ட அந்த ஆய்வில், பாதிப்பேருக்குத் திருமணத்துக்கு வெளியேயான உறவின்போது காயம் ஏற்பட்டிருந்தது. படுக்கையறைக்கு வெளியே, அவசரத்தில், வசதியற்ற இடங்களில் நேர்ந்தவையே அதிகம். 16 பேரை வைத்து உலகத்தை எடைபோட முடியாது. ஆனால் இப்படிப்பட்ட சூழலில் காயம்பட்ட ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவார், சென்றாலும் கட்டிலிலிருந்து விழுந்ததாகவோ கதவில் இடித்துக்கொண்டதாகவோ கதை சொல்வார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை.

கெர்மான்ஷா தந்த பாடம்

மேற்கு ஈரானில், குர்து மக்கள் பெருமளவில் வாழும் கெர்மான்ஷா நகரம் இந்தக் காயத்தின் ஆய்வு வரலாற்றில் தனி இடம் பெற்றது. யூராலஜி மருத்துவர் ஜவாத் ஸர்கூஷி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், அந்த ஒரு நகரிலிருந்தே 172 நோயாளிகளைப் பற்றி எழுதினார். உலகில் பல பெரிய மருத்துவமனைகள் ஆண்டுக்கு ஒருவரையோ இருவரையோ பார்க்கும் காயம் இது. அங்கே ஏன் இத்தனை பேர்?

'தகாந்தன்' என்று உள்ளூரில் சொல்லப்படும் ஒரு பழக்கமே காரணம். விறைத்த குறியின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேற்பகுதியை மற்றொரு கையால் சட்டென வளைத்து, சொடக்கு எடுப்பதுபோல் ஒரு சத்தம் வரச் செய்வார்கள். வேண்டாத நேரத்து விறைப்பை அடக்குவதற்கும், வெறும் பழக்கமாகவும் இதைச் செய்வதுண்டு. வலி இருக்காது என்பதால் தீங்கற்றது என்ற நம்பிக்கை பரவியிருந்தது. 172 பேரில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் இந்தப் பழக்கத்தால் காயப்பட்டவர்கள்.

இந்த நகரத்து மருத்துவர்கள் மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்றைப் பெற்றார்கள்: அனுபவம். ஒரே காயத்தை அடிக்கடி பார்த்ததால், ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல், நோயாளியின் சொல்லையும் கைப் பரிசோதனையையும் நம்பி உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். 2009இல் ஸர்கூஷி 18 ஆண்டுக் காலத்தில் பார்த்த 352 நோயாளிகளின் பிற்கால நிலையை வெளியிட்டார். அறுவை செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோரின் விறைப்புத் திறன் பாதிக்கப்படவில்லை. சமூகப் பழக்கம் ஒன்று காயத்தைப் பெருக்கிய அதே ஊரில், காயத்தை மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்ததால் சிகிச்சை எளிதானது. கெர்மான்ஷாவின் பழக்கத்தை எவரும் பின்பற்ற வேண்டாம். அங்கே மருத்துவர்கள் நோயாளியின் சொல்லை நம்பித் தாமதிக்காமல் செயல்பட்டதைப் பின்பற்றலாம்.

மருத்துவர் எப்படிக் கண்டறிகிறார்

அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டி நெறிகள் தெளிவாகவே சொல்கின்றன. உறவின்போதோ கையாளும்போதோ தெறிக்கும் சத்தம், உடனே விறைப்பு இறங்குதல், வீக்கம், கன்றல் ஆகியவை இருந்தால் இந்த முறிவைச் சந்தேகிக்க வேண்டும். இருப்பது உறுதியானால் தாமதிக்காமல் திறந்து பார்த்துத் தைக்க வேண்டும். சொல்லும் கதையும் பார்க்கும் காயமும் ஒத்துப்போனால் ஸ்கேன் கட்டாயமில்லை.

மருத்துவரின் விரலுக்கு ஓர் அடையாளம் அகப்படும். கிழிசலின் மேல் இரத்தம் உறைந்து சிறு கட்டியாக நிற்கும். அதன்மேல் தோல் வழுக்கி நகரும். கட்டி இருக்கும் இடமே கிழிசல் இருக்கும் இடம். வீக்கம் மிகுந்துவிட்டால் இந்த அடையாளம் மறைந்துவிடும். சீக்கிரம் வர வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சந்தேகம் தீராதபோது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும். செலவு குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் செய்பவரின் கைத்திறனைப் பொறுத்தே அதன் முடிவு அமையும், வீக்கம் பார்வையை மறைக்கும். எனவே ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. எம்.ஆர்.ஐ. மிகத் துல்லியமானது, உறை கறுப்புக் கோடாகத் தெரியும், அந்தக் கோடு அறுந்த இடமே கிழிசல். ஆனால் நள்ளிரவில் எல்லா ஊரிலும் அது கிடைக்காது. அதற்காக அறுவையைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

இதே தோற்றத்தில் வரும் இன்னொரு காயமும் உண்டு. குறியின் மேற்பக்கத்துச் சிரை கிழிந்தாலும் வீக்கமும் கருநீலமும் வரும். அங்கே பெரும்பாலும் சத்தம் இருக்காது, விறைப்பும் மெல்லத்தான் இறங்கும். இரண்டையும் பிரித்தறிய முடியாமல் அறுவை செய்து, உறை நலமாக இருப்பதைக் கண்டாலும் பெரிய இழப்பில்லை. கிழிந்த சிரையைக் கட்டிவிட்டு மூடலாம். உண்மையான முறிவைத் தவறவிடுவதே கூடுதல் தீங்கு.

தவறவிடவே கூடாத இன்னொன்று சிறுநீர்க் குழாய்க் காயம். பத்துக்கு ஒருவர் முதல் ஐந்துக்கு ஒருவர் வரை இது சேர்ந்தே வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. உலகின் பகுதிக்கேற்ப இந்த அளவு பெரிதும் மாறுகிறது. குறியின் நுனியில் இரத்தம், சிறுநீரில் இரத்தம், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் குழாயைச் சோதித்தாக வேண்டும். அதைச் சோதிக்கும் முன், சிறுநீர் வடியச் செருகும் கத்தீட்டரை வலிந்து நுழைத்தால் பாதிக் கிழிந்த குழாய் முழுதும் கிழியக்கூடும்.

காத்திருத்தல் முறையின் வீழ்ச்சி

ஒரு காலத்தில் இந்தக் காயத்துக்கு அறுவை செய்வதில்லை. ஐஸ் ஒத்தடம், இறுக்கமான கட்டு, வீக்கம் குறைக்கும் மாத்திரை, விறைப்பு வராமல் தடுக்கும் மருந்துகள், பல நாள் படுக்கை ஓய்வு ஆகியவையே சிகிச்சை. வீக்கம் வற்றும், வலி போகும். நோயாளி குணமடைந்ததாகவே தோன்றும். சில மாதங்கள் கழித்து விறைக்கும்போதுதான் விளைவு தெரியும். கிழிசல் தழும்பாக ஆறிய இடம் நீளாததால் குறி வளைந்து நிற்கும், உறையில் கெட்டியான முடிச்சு தட்டுப்படும், விறைக்கும்போது வலிக்கும், சிலருக்கு உறுதியான விறைப்பே வராது. தேங்கிய இரத்தம் சீழ்ப்பிடிப்பதும், கவனிக்கப்படாத சிறுநீர்க் குழாய்க் காயம் பின்னர் அடைப்பாக மாறுவதும் நடந்தன.

அறுவை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சேரச் சேர, தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேலே சொன்ன 2016ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், அறுவை செய்தவர்களுக்குப் பின்விளைவுகள் வெகுவாகக் குறைந்ததையே காட்டியது. எத்தனை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது என்பது பெரும்பான்மைக் கருத்து. சில நாள் தாமதித்து வந்தவர்களுக்கும் நல்ல பலன் கிடைத்ததைக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. இரண்டு உண்மைகளையும் சேர்த்தே வாசகர் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று நேர்ந்தால் இன்றே போங்கள். மூன்று நாள் கூச்சத்தில் ஓடிவிட்டது என்றால், இனிப் போய்ப் பயனில்லை என்று மூடி வைத்துவிடாதீர்கள்.

அறுவை சிக்கலானது இல்லை. முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கம் கொடுத்தோ, மொட்டுக்குக் கீழே தோலை வட்டமாக வெட்டிப் பின்னுக்கு இழுத்தோ, கிழிசல் இருக்கும் இடத்தில் நேராகத் திறந்தோ உள்ளே போகிறார்கள். உறைந்த இரத்தத்தை அகற்றி, உறையைக் கரையும் நூலால் தைக்கிறார்கள். தையல் தாங்குகிறதா, குறி நேராக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே உப்புநீர் செலுத்தி விறைப்பை உண்டாக்கிச் சோதிப்பதுண்டு. சிறுநீர்க் குழாயும் கிழிந்திருந்தால் அதையும் தைத்துச் சில வாரம் கத்தீட்டர் வைப்பார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். நான்கு முதல் ஆறு வாரம் வரை உடலுறவும் சுய இன்பமும் கூடாது. தூக்கத்தில் தானாக வரும் விறைப்பைக் கண்டு பயப்பட வேண்டாம்.

உடல் ஆறிய பிறகும் சிலருக்கு மனம் ஆறுவதில்லை. மீண்டும் கிழிந்துவிடுமோ என்ற பயத்தாலேயே விறைப்பு வராமல் போகலாம். துணைக்கோ, தன்னால்தான் நடந்தது என்ற குற்றவுணர்வு. மறுபரிசோதனைக்கு இருவரும் சேர்ந்து வருவதும், மருத்துவர் இருவரிடமும் பேசுவதும் இந்தப் பயத்துக்கு நல்ல மருந்து.

முதல் சில மணி நேரம்

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். துணியில் சுற்றிய ஐஸால் இடைவெளி விட்டு ஒத்தி எடுக்கலாம். செய்யக்கூடாதவை அதிகம். வளைந்ததை நிமிர்த்த முயலக் கூடாது. எண்ணெய் போட்டு உருவக் கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது. சரியாகிவிட்டதா என்று விறைக்க வைத்துப் பார்க்கக் கூடாது. ஆஸ்பிரின் போன்று இரத்தக் கசிவைக் கூட்டும் வலி மாத்திரைகளைத் தாமாக விழுங்கக் கூடாது. மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் எதையும் சாப்பிடாமல் கிளம்புவது நல்லது. காயம்பட்ட நேரத்தையும், ஏற்கெனவே உண்டுவரும் மாத்திரைகளையும், குறிப்பாக இரத்தம் உறையாமல் இருக்க உண்பவற்றை, நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். போக வேண்டிய இடம் அறுவை வசதியும் யூராலஜி மருத்துவரும் உள்ள மருத்துவமனை.

தமிழ்நாட்டில் இதைத் தனியாக அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களிலிருந்து பின்னிரவுத் தொலைக்காட்சி வரை, ஆண்களின் அந்தரங்கச் சிக்கல்களுக்கு ரகசியமாகத் தீர்வு தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் நிறைந்த ஊர் இது. ரகசியம் என்ற அந்த வாக்குறுதிதான் அவற்றின் உண்மையான சரக்கு. கிழிந்த உறையை எந்த லேகியமும் ஒட்டவைக்காது. இத்தகைய ரகசியச் சிகிச்சையில் செலவாகும் ஒவ்வொரு நாளும் தழும்பு இறுகும் நாள்.

கூச்சத்தை நோயாளியின் குறை என்று மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது. கூட்டம் நிறைந்த அவசரப் பிரிவில், பத்துப் பேர் காதில் விழும்படி "என்ன ஆச்சு?" என்று கேட்டால் எவருக்கும் உண்மை வராது. திரை மறைவில், உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, பணி மருத்துவர் நேரடியாகக் கேட்க வேண்டும்: விறைத்திருந்தபோதா அடிபட்டது? சத்தம் கேட்டதா? உடனே இறங்கிவிட்டதா? அதன்பின் சிறுநீர் போனதா? யாரோடு, எங்கே என்பவை சிகிச்சைக்குத் தேவையில்லாத கேள்விகள். அவற்றைக் கேட்காமல் இருப்பதே நோயாளியின் வாயைத் திறக்கும்.

சொல்ல வேண்டியது நோயாளியின் பங்கு. மருத்துவமனையில் முதலில் எதிர்ப்படும் மருத்துவரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: "விறைத்திருந்தபோது மடங்கிவிட்டது டாக்டர், சத்தம் கேட்டது, உடனே தளர்ந்து வீங்கிவிட்டது." இவ்வளவு சொன்னால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரியும்.